ஒளிரும் பாக்டீரியா: ஒரு மரபணு மட்டும் போதாது

ஒளிரும் பாக்டீரியா பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருக்கிறது. ஆனால் "லூசிஃபெரேஸ் (ஒளியை உண்டாக்கும் நொதி) மரபணுவை வேறு பாக்டீரியாவில் வைத்தால் அதுவும் ஒளிரும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நடந்தது அதைவிட அழகானது.

1983இல் ஜோஆன் எங்கெபிரெக்ட், கென்னத் நீல்சன், மைக்கேல் சில்வர்மேன் என்ற மூன்று ஆய்வாளர்கள் விப்ரியோ ஃபிஷெரி என்ற ஒளிரும் கடல் பாக்டீரியாவின் டிஎன்ஏவைத் துண்டுகளாக வெட்டி, குடலில் வாழும், ஒளிராத பாக்டீரியாவான ஈ. கோலைக்குள் செலுத்தினார்கள். அப்புறம் எந்தக் காலனி (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டம்) ஒளிர்கிறது என்று தேடினார்கள். ஒரே துண்டில் தேவையான எல்லாமே அடங்கியிருந்தன!

தாவும் மரபணுக்களை (டிஎன்ஏவில் இடம் மாறி நுழையக்கூடிய துண்டுகளை) அந்தத் துண்டின் வெவ்வேறு இடங்களில் செருகி, எங்கே கெடுத்தால் என்ன நின்றுபோகிறது என்று பார்த்தார்கள். லக்ஸ் என்று பெயரிடப்பட்ட ஒளிர்வு மரபணுக்களில் ஏ, பி இரண்டும் சேர்ந்துதான் லூசிஃபெரேஸை உருவாக்குகின்றன. சி, டி, ஈ மூன்றும் கொழுப்பு அமிலத்திலிருந்து ஆல்டிஹைடு என்ற வேதிப்பொருளைத் தயாரிக்க உதவுகின்றன. அதுதான் எரிபொருள். அது இல்லாமல் ஏ, பி மட்டும் இருந்தால் வெளிச்சம் வராது, வெளியிலிருந்து ஆல்டிஹைடைச் சேர்க்க வேண்டும். உங்கள் வரியில் விடுபட்டது இதுதான்.

எனக்கு மிகப் பிடித்தது மீதி இரண்டு மரபணுக்கள். லக்ஸ் ஐ ஒரு சிறு சமிக்ஞை மூலக்கூறை உருவாக்க வைக்கிறது, லக்ஸ் ஆர் அதை உணர்கிறது. கூட்டம் பெருகி அந்த மூலக்கூறு போதிய அளவு சேர்ந்த பிறகே விளக்கு எரியும். கடலையே பார்த்திராத ஈ. கோலையும், இந்தத் துண்டு உள்ளே போனதும், கூட்டம் சேரும்வரை காத்திருந்துதான் பளிச்சென்று ஒளிர்ந்தது. கட்டுரையில் இதற்கு ஒரு பத்தியாவது சேருங்கள்.