ஜூம் மடங்கு வேறு, எட்டும் தூரம் வேறு

பயணத்துக்கு 18-200 மி.மீ. கேமரா லென்ஸ் ஒன்று போதும், அது 11 மடங்கு ஜூம் என்பதால் 4 மடங்கு ஜூம் உள்ள 70-300 மி.மீ. லென்ஸை விடத் தொலைவில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் என்று உங்கள் பதிவில் சொல்லியிருக்கிறீர்கள். 18-200 பயணத்துக்கு மிக வசதியான லென்ஸ்தான், நானும் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் சொன்ன காரணம் சரியில்லை.

லென்ஸின் பெயரில் மி.மீ.யில் வரும் எண்கள்தான் அதன் குவியத்தூரம்; அது கூடக் கூடப் பார்வைக் கோணம் குறுகி, பொருள் பெரிதாகத் தெரியும். ஜூம் மடங்கு என்பது பெரிய குவியத்தூரத்தைச் சிறியதால் வகுத்து வரும் எண், அவ்வளவுதான். 200ஐ 18ஆல் வகுத்தால் சுமார் 11, 300ஐ 70ஆல் வகுத்தால் 4.3. முதல் லென்ஸ் 18 மி.மீ. என்ற அகலக் கோணத்தில் தொடங்குவதால்தான் அதன் மடங்கு இவ்வளவு பெரிதாக வருகிறது. தொலைவில் இருக்கும் பறவை படத்தில் எவ்வளவு பெரிதாக விழும் என்பதற்குக் கடைசி எண்ணைத்தான் பார்க்க வேண்டும். ஒரே கேமராவில், ஒரே இடத்தில் நின்று எடுத்தால் 300 மி.மீ.யில் அது 200ஐ விட ஒன்றரை மடங்கு உயரமாக இருக்கும்.

நீங்களே பார்த்துவிடலாம். இரண்டு லென்ஸிலும் 200 மி.மீ. வைத்து, தொலைவில் உள்ள ஒரு கோபுரத்தை எடுங்கள். அளவு ஏறக்குறைய ஒன்றாகவே வரும். அப்புறம் 70-300ஐ 300க்குத் திருப்பி எடுத்து, கோபுரத்தின் உயரத்தைத் திரையில் அளந்து பாருங்கள். கிட்டத்தில் உள்ள பொருளை வைத்து மட்டும் சோதிக்க வேண்டாம். பல ஜூம் லென்ஸ்களில் அருகே ஃபோகஸ் செய்யும்போது குவியத்தூரம் குறைந்துவிடும், கணக்கு தப்பும்.