முன்தேதியிட்டு வருகிற மெடிகேர்

மெடிகேரில் (65 வயதானவர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) சேர்ந்ததும், அதற்கு முன் எச்.எஸ்.ஏ.வில் (மருத்துவச் செலவுக்காக வரிச் சலுகையோடு பணம் சேர்க்கும் கணக்கு) போட்ட பணம் தவறாகிவிட்டதே, என்ன செய்வது என்று நேற்று ஒரு பெரியவர் இங்கே கேட்டிருந்தார். அதற்குக் கீழே வந்த கருத்துகளைப் பார்த்திருப்பீர்கள். "இத்தனை வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டு இதுகூடத் தெரியாதா?" அதற்குச் சிரிப்புக் குறிகள் வேறு.

தெரியாதுதான். எப்படித் தெரியும்? மெடிகேரில் சேர்ந்த பிறகு எச்.எஸ்.ஏ. கணக்கில் பணம் போடக் கூடாது, அதுவரை பலருக்கும் தெரியும். சிக்கல் அடுத்தது. 65 வயது தாண்டியும் வேலை பார்த்துவிட்டு சோஷியல் செக்யூரிட்டிக்கு, அதாவது அரசு ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தால் மெடிகேரின் மருத்துவமனைக் காப்பீட்டுப் பகுதியான பார்ட் ஏ தானாக ஒட்டிக்கொண்டு வரும். அதுவும் ஆறு மாதம் வரை முன்தேதியிட்டு! அந்த மாதங்களில் போட்ட பணம் போட்டபோது சரி, இப்போது தவறு. எடுக்காமல் விட்டால் ஆண்டுக்கு ஆண்டு 6 சதவீத வரி. இதற்குப் பெயர் அவருடைய கவனக்குறைவாம்.

என் அத்தான் 67 வயது வரை வேலை பார்த்தார். நூலகப் புத்தகத்தைக்கூடத் தாமதமாகத் திருப்பிக் கொடுக்காத மனிதர். "கடைசி மாதம் வரை முழுத் தொகையும் போடுங்கள், வரி மிச்சம்" என்று அலுவலகத்திலேயே எழுதிக் கொடுத்தார்கள். அந்த மின்னஞ்சலை அக்கா அச்செடுத்து வைத்திருக்கிறாள். என்ன பயன்? வரி கட்டியது அத்தான்தான்.

"தேடிப் பார்த்திருக்கலாமே" என்பீர்கள். அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். வெளியீடு 969-இல் இருக்கிறது ஐயா, மறுக்கவில்லை. இப்படியொரு விதி இருக்கும் என்ற சந்தேகம் வந்தால்தானே தேடுவதற்கு! "பார்ட் ஏ வேண்டாம் என்று சொல்லிவிடலாமே?" தாராளமாக. அதுவரை வாங்கிய சோஷியல் செக்யூரிட்டிப் பணம் முழுவதையும் திருப்பிக் கட்டிவிட்டு. "சின்னத் தொகைதானே?" சரி, சின்னத் தொகைதான். அதற்கு ஏன் அவ்வளவு பெரிய சிரிப்பு?

"பிள்ளைகளைக் கேட்டிருக்கலாம்" என்று ஓர் அம்மையார் எழுதியிருந்தார். பிள்ளைகளுக்குப் பணம் அனுப்பியே பழகிய பெரியவர்கள், அவர்களிடம் போய்க் கணக்கு கேட்கக் கூசுவார்கள். அதனால்தான் நம்மவர்கள் என்று நம்பித் தமிழில் வந்து கேட்டார். நாம் காட்டிய உபசாரம் அந்தச் சிரிப்பு.

பெரியவரே, வரித் தாக்கலின் கடைசித் தேதிக்குள் கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்திடம் சொல்லி, கூடுதலாகப் போட்டதையும் அதில் வந்த வருவாயையும் எடுத்துவிடுங்கள். வருமான வரி உண்டு. 6 சதவீதம் கிடையாது. சிரித்தவர்களில் ஒருவர்கூட உங்களுக்கு இதைச் சொல்லவில்லை.