ஜோலியட் கல்லூரி பற்றி ஒரு திருத்தம்

அமெரிக்காவின் ஜோலியட் ஜூனியர் கல்லூரியின் 125ஆம் ஆண்டுக்கு எல்லோரும் வாழ்த்துச் சொல்லும் இடத்தில், 'பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதவர்களுக்காகத் தொடங்கியதுதானே' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் ஊரில், உயர்நிலைப் பள்ளியை நடத்திவந்த ஜே. ஸ்டான்லி பிரவுனும் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் சேர்ந்து தொடங்கினார்கள். முதலில் சேர்ந்தது 6 பேர்தான். சொந்த ஊரிலேயே பட்டப்படிப்பின் முதல் 2 ஆண்டுப் பாடங்களை முடிக்கலாம், அப்புறம் பல்கலைக்கழகத்தில் தொடரலாம் என்பதுதான் ஏற்பாடு. வீட்டை விட்டுப் போக முடியாத பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி எனப்படும், உள்ளூர் மக்களுக்கான 2 ஆண்டு அரசுக் கல்லூரிகளில் மூத்தது இதுதான். 'ஜூனியர்' என்பது அந்த முதல் 2 ஆண்டுகளைக் குறித்த சொல், தரத்தை அல்ல.