படகுக் கடனில் மாதத் தவணை மட்டுமே அளவுகோல் அன்று

உல்லாசப் படகு வாங்க விரும்புவோர் மாதத் தவணை குறைவாக உள்ள கடனைத் தேர்ந்தெடுக்கலாம் என்று நான் படித்த ஒரு கட்டுரை கூறுவதை, பாம்பனில் வசிக்கும் என்னால் ஏற்க இயலவில்லை. குடும்பத்தோடு கடலில் சுற்றிவர நானும் என் தம்பியும் சிறிய ஃபைபர் படகு ஒன்று வாங்க முனைந்தபோது, நாங்கள் அணுகிய நிதி நிறுவனத்தினர் வட்டி 10 சதவீதம் என்றார்களே தவிர, அது அசல் குறைந்தாலும் குறையாத ஃபிளாட் வட்டி என்பதைக் கையொப்பமிடும் நாள் வரை தெரிவிக்கவில்லை. 5 லட்சம் ரூபாயை 5 ஆண்டுகளுக்கு அம்முறையில் வாங்கினால் வட்டி 2.5 லட்சம் ரூபாய். அதே 10 சதவீதத்தை மாதந்தோறும் குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1.37 லட்சம் ரூபாய்தான்.

2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு, செயலாக்கக் கட்டணம் போன்றவற்றையும் சேர்த்துக் கடனின் மொத்தச் செலவை ஆண்டு விகிதமாகக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கடன் வாங்குபவரிடம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தாளை வாங்கிப் படிக்காமல் தயவுசெய்து யாரும் கையொப்பமிடாதீர்கள்.

மீனவர்களுக்கான மானியத்தை உல்லாசப் படகுக்கு எதிர்பார்க்க முடியாது. அதோடு, வாடைக்காற்று வீசும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகடல் என்று நாங்கள் அழைக்கும் பாக் விரிகுடாவில் படகைப் பெரும்பாலும் கரையேற்றித்தான் வைக்க வேண்டியிருக்கும். தவணையும் காப்பீடும் எஞ்சின் பராமரிப்பும் அம்மாதங்களிலும் நிற்பதில்லை. நாங்கள் ஓராண்டு பொறுத்துப் பாதித் தொகையைச் சேர்த்த பின், மீதியை மட்டும் குறையும் நிலுவை வட்டியில் மூன்றாண்டுக் கடனாகப் பெற்றோம்.