மூணு புள்ளிக்கு ஒரு நாள்

வெப்சைட்ல ஒரு பட்டியலுக்குக் கீழே பக்க எண் லிங்க் போடணும், அவ்வளவுதான் வேலை. அரை மணி நேரம்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். பொழுது சாஞ்சாச்சு.

மொத்தம் 201 வரி, பக்கத்துக்கு 20. மீதியைக் கழட்டிவிடற முழு எண் வகுத்தல், மொத்தம் 10 பக்கம்னு சொல்லிச்சு. கடைசி வரி அநாதையாப் போச்சு. சரின்னு 1 கூட்டினேன். இப்ப கரெக்டா 200 வரி இருந்தா, 11-ஆம் பக்கம் காலியாத் திறந்து பல்லை இளிக்குது. மீதி இருந்தா மட்டும் ஒரு பக்கம் கூட்டி, மேல்நோக்கி முழுமையாக்கணும்னு தெரியும். தெரிஞ்சும் ஒவ்வொரு தடவையும் இதே குழியிலதான் விழறேன்.

அதையாவது மன்னிக்கலாம். அந்த மூணு புள்ளி இருக்கே! 4-ஆம் பக்கத்துல நின்னா "1 … 3 4 5 … 11"னு வருது. 1-க்கும் 3-க்கும் நடுவுல ஒளிஞ்சிருக்கறது 2 மட்டும்தான். ஒரே ஒரு எண்ணை மறைக்க மூணு புள்ளியா? அந்த இடத்துல 2-ஐயே போட்டுத் தொலையலாமே! அதுக்குக் கோட்ல 'இப்படி இருந்தா இதைச் செய்'னு தனி இஃப். வலது கோடிக்கு இன்னொரு இஃப். முதல் பக்கத்துல 'முந்தையது' வேலை செய்யக் கூடாது, அதுக்கு ஒண்ணு.

எல்லாம் முடிச்சு 'அடுத்தது' அழுத்தினா, போட்டிருந்த ஃபில்டரைக் காணோம். லிங்க்ல பக்க எண்ணை மட்டும் ஒட்டிட்டு, யூஆர்எல்-ல, அதாவது பக்கத்தோட முகவரியில, ஃபில்டரைச் சுமந்துக்கிட்டிருந்த மத்த பாராமீட்டரை எல்லாம் நானே கடாசியிருக்கேன்.

இதுக்கு நடுவுல, புதுசு மேலே வர்ற பட்டியல்ல யாரோ ஒரு பதிவு சேர்க்க, எல்லாம் ஒரு வரி கீழே நகர்ந்துடுச்சு. முதல் பக்கத்துக் கடைசி வரி ரெண்டாம் பக்கத்துல மறுபடி தலைகாட்டுது. டெஸ்டர் அதையும் பிழைன்னு டிக்கெட் போட்டாச்சு.