பிட்ஸ்பர்க் பேச்சு போலந்துக்காரர்கள் தந்ததல்ல

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பிட்ஸ்பர்க் நகரத்தின் வட்டார ஆங்கிலம், உருக்காலைகளில் வேலைக்கு வந்த போலந்து, ஸ்லோவாக்கியத் தொழிலாளர்களின் அரைகுறை ஆங்கிலத்திலிருந்து பிறந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது பரவலாக நம்பப்படுவதுதான், ஆனால் சரியன்று.

அந்த நகரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்ட 'யின்ஸ்' என்ற முன்னிலைப் பன்மைச் சொல், 18ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலிருந்து மேற்குப் பென்சில்வேனியாவில் குடியேறிய, ஸ்காட்லாந்து வழிவந்த ஸ்காட்-ஐரிஷ் மக்களின் 'யூ ஒன்ஸ்' என்பதன் மரூஉ. பிறர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவரைக் குறிக்கும் 'நெபி', வீட்டை ஒழுங்குபடுத்துவதைச் சொல்லும் 'ரெட் அப்', 'கழுவப்பட வேண்டும்' என்பதற்கு 'நீட்ஸ் டு பி வாஷ்டு' என்னாமல், 'டு பி' இல்லாமலே 'நீட்ஸ் வாஷ்டு' என்று முடிக்கும் தொடரமைப்பு ஆகியவையும் அந்த வழியில் வந்தவையே; உருக்காலைகள் எழுவதற்கு வெகுகாலம் முன்பே வேரூன்றியவை. கிழக்கு ஐரோப்பியர் சில உணவுப் பெயர்களைத் தந்தார்கள் என்பது உண்மை.

'அரைகுறை' என்ற சொல்தான் எனக்கு மிகவும் வருத்தமளிக்கிறது. பிட்ஸ்பர்க்கிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் பார்பரா ஜான்ஸ்டன் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியபடி, ஒருகாலத்தில் உழைக்கும் வர்க்கத்தின் கொச்சையாகக் கருதப்பட்ட இந்தப் பேச்சு, 1980களில் உருக்குத் தொழில் சரிந்து, பிழைப்புத் தேடி ஆயிரக்கணக்கானோர் வெளியூர்களுக்குச் சென்று, அங்கே தங்கள் உச்சரிப்பு தனித்துத் தெரிவதை உணர்ந்த காலத்தில்தான் ஊரின் பெருமையாக மாறத் தொடங்கியது. நகர மையத்தைக் குறிக்கும் 'டவுன்டவுன்' என்ற சொல்லை உள்ளூர் உச்சரிப்பில் 'டான்டான்' என்று அச்சிட்ட சட்டைகள் இன்றும் பிட்ஸ்பர்க்கில் விற்கப்படுகின்றன.