கேத்தரின் அருவி வரைக்கும் நல்லாத்தான் போச்சு

(மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி ரோட்டுல கார் ஏறிட்டிருக்கு. மாமனார் ரிட்டயர்டு ஹிஸ்டரி வாத்தியார். மாமியாரும் பொண்டாட்டியும் "நாங்க மலை ரயில்ல வந்தர்றோம்"னு காலைலயே நைசா கழண்டுக்கிட்டாங்க.)

மாமனார்: 46 கிலோமீட்டருக்கு அஞ்சு மணி நேரம் உக்காந்து வர்றதுக்கு அந்த ரயில்ல என்னங்க இருக்கு, நம்மகூட வந்திருந்தா நாலு விஷயம் தெரிஞ்சிருக்கும்.

மாப்பிள்ளை: அதுக்குத்தானுங்க மாமா ரயில்ல போனாங்க.

மாமனார்: என்னங்க?

மாப்பிள்ளை: அந்த ரயில் மலை ஏறற பல்சக்கரத்த பாக்கணும்னாங்க மாமா.

மாமனார்: சரி, சொல்லிட்டிருந்தேன் பாருங்க, 1819ல ஜான் சல்லிவன், அப்ப அவரு கோயமுத்தூர் கலெக்டரு, இந்த மலைக்கு ஏறி வர்றாரு...

மாப்பிள்ளை: மாமா, கொண்டை ஊசி. மேல இருந்து பஸ் வருதுங்க.

மாமனார்: வரட்டுமே. ஏர்ற வண்டிக்குத்தான் எறங்கறவன் வழி விடணும், அது மலை ரூல்.

மாப்பிள்ளை: அது உங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியுது, அந்த பஸ்காரருக்குத் தெரியுங்களா?

(பஸ் ஒரு சாண் தள்ளிப் போகுது. ரெண்டு பேரும் மூச்ச விடறாங்க.)

மாமனார்: அந்த காலத்துல ஏதுங்க பஸ்ஸு. சிறுமுகைலருந்து பாதை போட்டதே சல்லிவன்தான்.

மாப்பிள்ளை: இ-பாஸ் வாங்கிட்டு வந்தாருங்களா?

மாமனார்: கிண்டல் பண்ணாதீங்க. ஊட்டிய கண்டுபிடிச்சதே அவருதான்.

மாப்பிள்ளை: ஏங்க மாமா, அதுக்கு முன்னாடி ஊட்டி தொலைஞ்சு போயிருந்துச்சுங்களா?

மாமனார்: தோடர், கோத்தர், படுகர்னு எல்லாரும் அங்கதாங்க இருந்தாங்க.

மாப்பிள்ளை: குடியிருக்கறவங்க வீட்டுக்குள்ள போயி வீட்ட கண்டுபிடிச்சேன்னா எப்படீங்க?

மாமனார்: கவர்மெண்ட் ஃபைல்ல ஏறினாத்தான் கண்டுபிடிப்பு. அத விடுங்க, 1818லயே விஷ், கிண்டர்ஸ்லின்னு ரெண்டு வெள்ளைக்கார ஆபீசருங்க மேல போயிட்டு வந்து, ஆஹா குளுருன்னா அப்படியொரு குளுருன்னு சொல்லியாச்சு. அடுத்த வருசம் சல்லிவன் வந்தாரு, பேரு பூரா அவருக்குப் போயிருச்சு.

மாப்பிள்ளை: எங்க ஆபீஸ்லயும் அதே கதைதான், ராத்திரி பூரா முழிச்சு ரிப்போர்ட் நான் போடுவேன், காலைல மெயில் மேனேஜர் பேர்ல போகும்.

மாமனார்: கோத்தகிரி கன்னேரிமுக்குல அவரு கட்டின பங்களா இருக்கு, இப்ப மியூசியம், நேரா அங்கதான் போறோம். அப்புறம் 1822ல ஊட்டில கல் பங்களா கட்ட ஆரம்பிச்சாரு, அதுதான் இன்னைக்கு கவர்மெண்ட் ஆர்ட்ஸ் காலேஜ். தோடருங்ககிட்ட ஏக்கர் ஒரு ரூவான்னு எடம் வாங்குனாருன்னு சொல்லுவாங்க.

மாப்பிள்ளை: ஒரு ரூவாயா! அப்ப உங்க தாத்தா என்னங்க மாமா பண்ணிட்டிருந்தாரு?

மாமனார்: 1822லங்க. எங்க தாத்தா பொறக்கவே இல்ல.

மாப்பிள்ளை: அவரோட தாத்தா. ஒரு அம்பது ரூவாய்க்கு வாங்கிப் போட்டிருந்தா இன்னைக்கு நம்ம குடும்பம்...

மாமனார்: வாங்கிப் போட்டிருந்தா நான் ஏங்க உங்களுக்கு பொண்ணு குடுக்கறேன்?

(ரெண்டு வளைவு வரைக்கும் பேச்சில்ல.)

மாமனார்: என்னமோ கருகற வாசம் வருது.

மாப்பிள்ளை: கிளட்ச்சுங்க மாமா. செகண்ட் ஹேண்ட் வண்டி, அப்படித்தான்.

மாமனார்: செகண்ட் ஹேண்டுன்னா கேவலமில்லீங்க. ஊட்டி ஸ்டீபன் சர்ச்சுல உத்தரமெல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தான் அரண்மனைலருந்து கொண்டுவந்த மரந்தான், 1831ல தொறந்தது, இன்னும் நிக்குது. உங்க வண்டிதான் நின்னுரும் போல. இந்தா, அரவேணு வந்திருச்சு! இப்படி உள்ள போனா கேத்தரின் அருவி, 250 அடி உசரம்.

மாப்பிள்ளை: யாருங்க மாமா கேத்தரின்?

மாமனார்: காக்பர்ன்னு ஒருத்தரு, இந்தப் பக்கம் காப்பித் தோட்டம் போட்டவரு, அவரு சம்சாரம். பொண்டாட்டி பேர்ல அருவி வச்சிருக்கான் பாருங்க மனுசன்!

மாப்பிள்ளை: அட போங்க மாமா, என் பொண்டாட்டி பேர்ல இருக்கறது நகைக்கடன் ஒண்ணுதான்.

(அமைதி. கிளட்ச் வாசம் மட்டும் வருது.)

மாமனார்: என்ன கடன்?

மாப்பிள்ளை: மாமா, சல்லிவன் எந்த மாசம் வந்தாருன்னு சொன்னீங்க?

மாமனார்: எந்த நகைங்க?

மாப்பிள்ளை: நீங்க போட்டதுதான். இந்தக் கார் எடுக்கறப்ப கொஞ்சம் பத்தல...

மாமனார்: அப்ப நான் இப்ப எம் பொண்ணு ஆரத்து மேலயா உக்காந்து வர்றேன்? இது உங்க அத்தைக்குத் தெரியுமா?

மாப்பிள்ளை: பேங்குக்கு கூட வந்ததே அத்தைதானுங்க.

மாமனார்: ஓஹோ. பல்சக்கரம் பாக்கப் போனவங்க கதை இதுதானா!

மாப்பிள்ளை: மாமா, அந்த சல்லிவன் உருளைக்கிழங்கெல்லாம் கூட கொண்டுவந்தாருன்னு போன தடவ சொன்னீங்களே, அத விலாவாரியா சொல்லுங்களேன், எனக்கு ஹிஸ்டரின்னா உசுரு.

மாமனார்: எத்தன பவுன்?

மாப்பிள்ளை: அந்த விஷ்ஷும் கிண்டர்ஸ்லியும் மலைக்கு வந்தாங்களே, பத்திரமா திரும்பிப் போய்ச் சேந்தாங்களா மாமா?

மாமனார்: சேந்தாங்க. அவங்ககூட மாமனார் வரல.